இன்ஸ்பெக்‌ஷன் பேராசிரியர்

“என்னை இங்கேயே வச்சுக்குங்கம்மா” என்றார் அருளப்பன்.

ஏரி நடுவில் ஒரு தீவு. தீவில் ஒரு குடிசை, ஒரு படகு, ஒரு குரு. குரு அவரைவிட வயதில் சின்னவள். தீவம்மா என்பார்கள். மரத்தடியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“காலேஜ்ல வேலை இருக்கே பேராசிரியரே?”

“அது வேலையா? கண்காட்சிம்மா.”

பாவம், மனுஷன் பொய் சொல்லவில்லை. அருளப்பன் தாவரவியல் பேராசிரியர். ஒரு வேந்தர், அவருக்கு ஊர் ஊராகக் கல்லூரிகள். எல்லாவற்றிலும் அருளப்பன் பெயர் உண்டு. எதிலும் வகுப்பு கிடையாது. ஆய்வுக் குழு வருகிற அன்றைக்குக் கோட்டு மாட்டிக்கொண்டு போய் உட்கார வேண்டும். குழு கிளம்பியதும் வீட்டைப் பார்த்து நடையைக் கட்ட வேண்டும்.

மைக்ராஸ்கோப்புகளும் அப்படித்தான். அவருக்கு முன்னாலேயே லாரியில் போய் இறங்கிவிடும். பூந்தொட்டிகளும் கூடவே போகும். எந்த ஊருக்குப் போனாலும் அதே கண்ணாடி கீறிய மைக்ராஸ்கோப் மேஜைமேல் இருக்கும். சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் அவருக்கு மனசு லேசாகும். சில நாள் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். அதே தொட்டி, அதே வெயில், அதே கும்பிடு. கனவிலேயே குடியிருப்பதுபோல் இருக்கும்.

“படிப்பு விக்கிற கடைன்னு ஊரே பேசுதும்மா. வேந்தரைக் கேட்டா, ‘நான் கடை போடலேன்னா இந்தப் பிள்ளைங்க எங்கேய்யா போய்ப் படிக்கும்’ங்கிறார். ரெண்டும் நியாயமாத்தான் படுது. எதும்மா சரி?”

குரு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

“என் சர்டிபிகேட் எல்லாம் அவர் பீரோவுல பூட்டிக் கிடக்கு. கிடந்துட்டுப் போகட்டும். எனக்கு இங்கே ஒரு மூலை போதும்.”

“திடீர்னு என்ன வந்தது?”

அருளப்பன் மாட்டியிருந்த கோட்டின் பொத்தானைத் திருகினார்.

“போன தடவை ஒரு தப்பு நடந்துபோச்சு. முத்தரசின்னு ஒரு பொண்ணு. புதுசு. அதுகிட்ட யாரும் சொல்லிவைக்கல போல. என்னை நிஜ வாத்தியார்னு நினைச்சு சந்தேகம் கேட்டுடுச்சு.”

“நீங்க?”

“அடுத்த கிளாஸ்ல சொல்றேன்னுட்டேன். அடுத்த கிளாஸே கிடையாதும்மா. அது தினமும் லேப் வாசல்ல வந்து நிக்குதாம். வாட்ச்மேன் சொன்னார். குழு வராத நாள்ல நான் உள்ளே காலை வச்சா வேந்தர் சும்மா விடமாட்டார். வெக்கமா இருக்கும்மா. சோறு இறங்கல.”

“என்ன கேட்டா?”

“ ‘ரெண்டாப் பிரியணும்னு ஒரு செல்லுக்கு எப்படி சார் தெரியும்?’ ”

ஏரிமேல் பனி இறங்கிக்கொண்டிருந்தது. அக்கரை தெரியவில்லை.

அருளப்பன் கை தானாக ஒரு வெங்காயத்தை எடுத்தது. “இதோ, இந்த வேர் நுனியிலதான் நடக்குது” என்றார். குச்சி ஒன்றைப் பொறுக்கி ஈரமண்ணில் ஒரு வட்டம் போட்டார். “பக்கத்துச் செல்லெல்லாம் சேதி அனுப்பும். இது முதல்ல வளரும். உள்ளே இருக்கிறதை அப்படியே படியெடுக்கும். அப்புறம் பாருங்க, சரியா எடுத்தோமான்னு தானே சோதிச்சுப் பார்க்கும். பிழை இருந்தா அங்கேயே நின்னுடும்...”

வட்டத்துக்குள் வட்டம் வந்தது. கோட்டுக் கையெல்லாம் சேறு. அழித்தார், மறுபடி வரைந்தார், முழங்கால் போட்டு உட்கார்ந்தார். இத்தனை வருஷமாய் அடைத்துக் கிடந்த தொண்டை அது. பேசப் பேச அவருக்கே சந்தோஷமாய் இருந்தது.

முடித்துவிட்டு நிமிர்ந்தார். மரத்தடியில் குருவைக் காணோம்.

கரையில் நின்று படகை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

அருளப்பன் மூச்சிரைக்க ஓடிவந்தார். “புரியும்படியாச் சொன்னேனாம்மா?”

குரு துடுப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“கேட்டது நானில்லையே.”