வளையன் தட்டாத மூன்று தட்டு

உப்பங்கழியில் பூநாரைகள் ஆடுகின்றன என்றால் சுற்றுவட்டாரமே கரையில் கூடிவிடும். நூறு பூநாரைகள் வரிசையாக நின்று, விரல் நுனியை மட்டும் சேற்றில் ஊன்றி, கழுத்துகளை ஒரே பக்கமாகத் திருப்பி ஆடும். வருஷத்துக்கு ஒரே ஆட்டம்தான். மாசி மாதம் அலை இறங்கிய ஒரு காலையில் ஆடிவிட்டு, ஆடிய கையோடு வடக்கே பறந்துவிடும்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. அலையாத்தி மரத்தின் வேருக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லில் ஒரு நண்டு உட்கார வேண்டும். அது கொடுக்கைத் தட்டினால்தான் ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம். ஒரு தட்டு என்றால் ஏதோ ஆடினார்கள். இரண்டு என்றால் நன்றாக ஆடினார்கள். மூன்று என்றால் அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அந்தக் கல் இப்போது வளையன் என்ற நண்டினுடையது. வளையன் மூன்று தட்டியதே கிடையாது. இரண்டும் கிடையாது. கொடுக்கு தேய்ந்துபோகும் என்று பயமாக்கும் என உள்ளான் குருவிகள் கேலி பேசும். வளையன் காதில் போட்டுக்கொள்ளாது.

அந்த மாசிக் காலையில், ஆட்டத்தில் முதல் இடத்தில் நிற்கும் செங்காலி என்ற பூநாரை வளையனைத் தேடி வந்தது.

"அண்ணே, எனக்கு இதுதான் கடைசி ஆட்டம். இடது முட்டி சொன்ன பேச்சு கேக்கறதில்ல. அடுத்த வருஷம் இவ்வளவு தூரம் பறந்து வர முடியாது."

வளையன் ஆறுதலாக ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"முட்டி வலியோட ஆடினா போன வருஷம் மாதிரி இருக்குமா?"

"போன வருஷம், அதுக்கு முந்தின வருஷம் மாதிரி இல்லன்னு சொன்னீங்களே!"

"உண்மையைத்தானே சொன்னேன்!"

செங்காலி சிரித்தது. "சரி அண்ணே. இன்னைக்கு உங்களுக்காக ஒரு அடி புதுசா சேர்த்திருக்கேன். மூணு தட்டலன்னாலும் பரவாயில்ல. கண்ணை எடுக்காம பாருங்க. அது போதும்."

செங்காலி போனதும் வளையன் யோசித்தது. இன்றைக்காவது ஒரு நல்ல வார்த்தை சொல்ல அதற்கும் ஆசைதான். ஆனால் சும்மா சொல்லிவிட முடியுமா? பழைய ஆட்டத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தால், ஒப்பிட்டுப் பார்த்துச் சரியாகச் சொல்லலாமே!

நேராகச் சுருளி என்ற நத்தையிடம் போனது. சுருளி பின்பக்கமாக ஊர்ந்தால் காலமும் பின்பக்கமாகப் போகும். கழியில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

"ஏறிக்கோ. ஆனா ரெண்டு விஷயம்" என்றது சுருளி. "நீ பக்கத்துல இருந்த நேரத்துக்குத்தான் உன்னைக் கூட்டிப்போக முடியும். நீ இல்லாத நேரத்துக்கு எனக்கு வழி தெரியாது. அப்புறம், அங்க எவ்வளவு நேரம் ஆகுதோ, அவ்வளவு நேரம் இங்கயும் ஓடிடும்."

"அலை இறங்க இன்னும் நேரம் கிடக்கு! ஒரே ஒரு ஆட்டம். பார்த்துட்டு ஓடி வந்துடறேன்!"

"நத்தை மேல ஏறிக்கிட்டு ஓடியா வரப்போற!" என்று சிரித்தபடி சுருளி பின்னால் நகர்ந்தது.

போன வருஷத்து மாசி வந்தது. செங்காலி கழுத்தை வளைத்துச் சுழன்றபோது, சேற்றில் தேங்கிய தண்ணீர்கூடக் கலங்கவில்லை. வளையன் வாயைப் பிளந்து பார்த்தது. "இவ்வளவு நல்லாவா ஆடினா!"

கல்லின் மேல் போன வருஷத்து வளையன் உட்கார்ந்திருந்தது. அதன் பார்வை ஆட்டத்தில் இல்லை. பக்கத்திலிருந்த உள்ளானிடம், "முந்தின வருஷம் பார்த்திருக்கணும் நீ!" என்று பேசிக்கொண்டே ஒரு தட்டு தட்டியது.

"இன்னும் பின்னால போ!" என்றது வளையன்.

முந்தின வருஷத்து ஆட்டம் அதைவிட அழகாக இருந்தது. கல்லின் மேல் இருந்த வளையனோ முதுகைக் காட்டிக்கொண்டு, "அதுக்கு முந்தி ஆடினாங்களே, அது ஆட்டம்!" என்றது. ஒரு தட்டு.

வளையனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தானே கொடுக்கைத் தூக்கி டக் டக் டக் என்று தட்டியது. ஒருவரும் திரும்பவில்லை.

"விருந்தாளி தட்டினா யாருக்கும் கேக்காது. வா, திரும்பலாம்" என்றது சுருளி.

"இல்ல! நான் பார்த்த முதல் ஆட்டத்துக்குப் போ. எல்லாத்தையும் எதோடயோ ஒப்பிட்டேனே, அது அங்கதான் இருக்கும்!"

போனார்கள். கல்லில் வேறொரு கிழட்டு நண்டு. அதன் காலடியில் நகத்தளவு வளையன். பூநாரை வரிசையின் கடைசியில் இன்னும் சிவப்பேறாத ஒரு சாம்பல் குஞ்சு, கால் இடறியும் விடாமல் ஆடியது. அது செங்காலி. ஆட்டம் முடிந்ததும் மூச்சு வாங்க ஓடிவந்து, "நல்லா இருந்துதா?" என்று குட்டி வளையனிடம் கேட்டது.

குட்டி வளையன் பெரிய மனுஷத் தோரணையில் சொன்னது: "போன வருஷம் மாதிரி இல்ல!"

"போன வருஷம் நீ பொறக்கவே இல்லையேடா!" என்று கத்தியது வளையன். அதுவும் யாருக்கும் கேட்கவில்லை. சாம்பல் குஞ்சு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனது.

"திரும்பு சுருளி! சீக்கிரம்!"

நத்தை முடிந்த மட்டும் வேகமாக ஊர்ந்தது. நத்தையின் வேகம் நத்தையின் வேகம்தான்.

வந்து சேர்ந்தபோது கழியில் அலை ஏறியிருந்தது. வானத்தில் ஒரு பூநாரையும் இல்லை. கல்லின் மேல் உள்ளான் மட்டும் நின்றது.

"எங்க போய்த் தொலைஞ்சீங்க?" என்றது உள்ளான். "நீங்க தட்டினாத்தானே ஆட்டம் முடியும்? அலை ஏறுது, ஏறுதுன்னு நாங்க கத்தறோம். மத்ததெல்லாம் பறந்துடுச்சு. அந்தம்மா மட்டும் தண்ணி தள்ளத் தள்ள, கரைப்பக்கமா ஒதுங்கி ஒதுங்கி ஆடிச்சு. 'அண்ணன் வந்துடுவாரு'ன்னுச்சு. கடைசியில முட்டி மடங்கி இந்தக் கல்லுகிட்ட விழுந்துச்சு. எழுந்து, ஒரு தடவை கல்லைப் பார்த்துட்டுப் பறந்துடுச்சு."

வளையன் கல்லின் அடியைப் பார்த்தது. தண்ணீர் தொடாத சேற்றில் ஐந்தாறு காலடிகள் இருந்தன. பூநாரை முன்னால்தான் கால் வைக்கும். இவை பக்கவாட்டில் போயிருந்தன. நண்டு நடக்கிற மாதிரி.

அதுதான் புது அடி.

"சுருளி! இன்னைக்குக் காலையில நடந்த ஆட்டத்துக்கு என்னைக் கூட்டிப்போ! ஒரே ஒரு தடவை!"

சுருளி கொம்புகளை உள்ளே இழுத்துக்கொண்டது. "நீ இருந்த நேரமா இருந்தா கூட்டிப்போவேன், வளையா. இந்த ஆட்டத்துல நீ இல்லையே."

வளையன் கல்லில் ஏறியது. கழியைப் பார்த்து டக் டக் டக் என்று மூன்று முறை தட்டியது. இந்த முறை சத்தம் நன்றாகவே கேட்டது. கேட்க வேண்டியவள்தான் இல்லை.

கண்ணெதிரே இருக்கும்போது ஒருவரைப் பாராட்ட மனம் வராவிட்டால், போன பிறகு எத்தனை தட்டினாலும் அது போனவர் காதுக்கு எட்டாது.