உடைப்பில் விழுந்த கல்

மேலக்குளத்தின் கரையில் ஜமீன்தார் விஜயரங்கர் ஒரு கல் நட்டார். "இது அரண்மனைக் குளம். ஊரான் எவனும் கை வைக்கக் கூடாது" என்று அதில் வெட்டியிருந்தது. மடை திறக்கிற இருளாயிக்கும் அன்றோடு வேலை போயிற்று.

ஐப்பசி மழையில் ஒருநாள் கரை உடைப்பெடுத்தது. ஊரே மண்கூடையோடு மேட்டில் நின்றது, யாரும் இறங்கவில்லை. ஜமீன்தார் பதறி ஓடிவந்தார்.

"அடைடி இருளாயி! பொழுது சாயறதுக்குள்ள அடைக்கலேன்னா உன் தலை இருக்காது!"

"அடைச்சிரலாம் சாமி. கல்லுதான் கை வைக்காதேங்குது."

"பிடுங்கி எறி அதை!"

"நட்டவங்கதான் பிடுங்கணும் சாமி. உடைப்புலயே போடுங்க, முதல் கல்லா இருக்கட்டும்."

வேறு வழியில்லாமல் அவரே தோள்கொடுத்து உருட்டினார். கல் விழுந்ததும் இருளாயி தமுக்கடித்தாள். வீட்டுக்கு ஓர் ஆளாக ஊர் இறங்கியது. கைகோத்து, மார்பளவு வெள்ளத்தில் ஆளே சுவராக நின்றார்கள். மேட்டிலிருந்து கூடை கூடையாகக் கைமாறி வந்த மண் அவர்கள் முதுகுக்குப் பின்னால் மலையாக ஏறியது. பாய்ந்த தண்ணீர் அப்படியே அடங்கியது.

ஜமீன்தார் வாய் பிளந்து நின்றார். "யார் உத்தரவுக்கு இத்தனை பேர்?"

இருளாயி ஒரு கூடையை அவர் கையில் வைத்தாள்.

"அடுத்தாளுக்குக் கொடுங்க சாமி. நிக்குறாங்கல்ல."

கொடுத்தார். அந்தக் கல் இன்றைக்கும் கரைக்குள்தான் கிடக்கிறது. அதன்மேல் ஊர் நடக்கிறது.