நாலு பெருச்சாளி வண்டி

குழந்தைகளே, முதலில் ஒரு விடுகதை. மேட்டில் ஏற்றிவிடும், சரிவில் நிறுத்தாது. அது என்ன? யோசித்துக்கொண்டே கதையைக் கேளுங்கள்.

ஓடைக்கரைப் பொந்தில் ஒரு கீரி நான்கு குட்டிகளோடு வசித்தது. மூத்த குட்டி நன்றாக ஓடும். மற்ற மூன்றும் இன்னும் கண் திறக்கவில்லை. தூறல் விழ ஆரம்பித்துவிட்டது. இருட்டுவதற்குள் செம்மண் மேட்டைத் தாண்டாவிட்டால், ஓடை பெருகிப் பொந்தோடு குட்டிகளும் மூழ்கிவிடும்!

கீரி ஒரு வண்டி வாங்க மரநாயின் வண்டிக் கொட்டகைக்கு ஓடியது. அங்கே இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்றில் முன் சக்கரங்களுக்குள் மட்டும் பெருச்சாளிகள் ஓடிச் சக்கரத்தைச் சுழற்றும். மற்றதில் நான்கு சக்கரத்துக்குள்ளும் ஓடும்.

"நாலு பெருச்சாளி வண்டியை எடு அக்கா! மலை உச்சிக் கரடி இதைத்தான் ஓட்டுகிறது!" என்றது மரநாய்.

"கரடி தினமும் சேற்றில் ஏறுகிறது. நமக்கு வருஷத்தில் சில நாள்தானே சேறு? நாலு பெருச்சாளிக்கும் வருஷம் பூராவும் தீனி போட வேண்டுமே, அம்மா!" என்றது மூத்த குட்டி.

கீரி வானத்தைப் பார்த்தது. வண்டிகளைப் பார்த்தது. இங்கும் அங்கும் நடந்தது. மறுபடி வானத்தைப் பார்த்தது.

அதற்குள் காட்டுப்பன்றி வந்தது. "நகரு கீரியம்மா! நீ யோசித்து முடிப்பதற்குள் மழைக்காலமே முடிந்துவிடும்!" என்று நாலு பெருச்சாளி வண்டியில் ஏறிக்கொண்டது.

"இரண்டு பேருமே ஓட்டிப் பாருங்கள். பிடித்ததைப் பிறகு சொல்லுங்கள்," என்றது மரநாய்.

கீரி மிச்சமிருந்த வண்டியில் குட்டிகளை ஏற்றியது. பாதி மேட்டில் முன் சக்கரங்கள் சேற்றில் சுழன்றன. வண்டி நகரவில்லை. "ஐயோ, தப்பு செய்துவிட்டேனே!" என்று கீரி பதறியது.

மூத்த குட்டி கீழே குதித்தது. சக்கரத்தைத் தடவிப் பார்த்தது. "வழவழவென்று இருக்கிறது, அம்மா! அதுதான் வழுக்குகிறது!"

புதரிலிருந்து முரட்டுக் கொடிகளை இழுத்து நான்கு சக்கரத்திலும் இறுகச் சுற்றியது. வண்டி மெல்ல ஏறியது.

மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்த பன்றி சர்ரென்று முந்தியது. "நத்தைகூட உங்களை முந்திவிடும்!"

உச்சியைத் தாண்டியதும் பன்றி கத்தியது: "நிறுத்துங்கள்! நிறுத்துங்கள்!"

"நாலு பேரும் நின்றுவிட்டோம்! வண்டிதான் நிற்கவில்லை!" என்று அலறின பெருச்சாளிகள்.

வழவழச் சக்கரங்கள் சுழலாமலே சறுக்கின. பன்றி முள்புதரில் போய் விழுந்தது.

கீரியின் வண்டி, கொடிகள் மண்ணைக் கவ்வ, அடி அடியாக இறங்கியது. கண் திறக்காத குட்டிகள் மூன்றும் தூங்கிக்கொண்டே மேட்டைத் தாண்டின.

மரநாய் மூச்சிரைக்க வந்து சேர்ந்தது. "அந்த வண்டி உடையவில்லை அக்கா! வேண்டுமானால் மாற்றித் தருகிறேன். எது வேண்டும்?"

கீரி மூத்த குட்டியைப் பார்த்தது.

விடுகதைக்கு விடை தெரிந்திருக்கும்: நாலு பெருச்சாளி வண்டிதான்! அடுத்தவர் ஏறும் மலையைப் பார்த்து அல்ல, நாம் அன்றாடம் போகும் பாதையைப் பார்த்தே வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூத்த குட்டி இரண்டு பெருச்சாளி வண்டியையும், இன்னும் ஒரு கட்டுக் கொடியையும் கேட்டது.