பாறைமேல் இரண்டு புதுமைவாதிகள்

வற்றிக்கொண்டிருந்த ஓர் ஏரியில் நாரைகளும் வாத்துகளும் வாழ்ந்தன. மழையைத் தருபவர் ஒருவரே என்று இரு கூட்டமும் நம்பின. நாரைகள் சனிக்கிழமை கும்பிடும், வாத்துகள் ஞாயிற்றுக்கிழமை கும்பிடும். அதற்கே தலைமுறை தலைமுறையாக முகத்தைத் திருப்பிக்கொண்டன!

நாரைகளின் தலைவர் நெடுங்காலர். வாத்துகளின் தலைவர் அகலவாயர். இருவரும் பெரிய புதுமைவாதிகள். பகையை மறந்து ஏரி நடுவே ஒரு பாறையில் உட்கார்ந்து உரையாடினார்கள்.

"கும்பிட்டு முடித்ததும் வடக்கே திரும்பி நிற்பது எங்கள் வழக்கம். ஏன் வடக்கு? எவருக்கும் தெரியாது! நிறுத்திவிட்டேன். இப்போது அதற்குப் பதில் தவளைகளைக் கத்தவிட்டுத் தவளை மேளம்தான்!" என்றார் நெடுங்காலர்.

"எங்களிடம் ஒரு பாட்டு இருந்தது. 'ஒற்றைப் பனை தாண்டி, ஆமைப் பாறை தாண்டி, ஆறு வருகுதே' என்று இழுக்கும். இளசுகள் கொட்டாவி விட்டன. தடை போட்டுவிட்டேன்!" என்றார் அகலவாயர்.

"ஆகா, என்ன துணிச்சல்!" என்று ஒருவர் முதுகை ஒருவர் சொறிந்துகொண்டார்கள்.

அப்போது சிறகி என்ற தாய் வாத்து சேற்றில் தத்தளித்து வந்தது. "ஐயா, தண்ணி வத்திப்போச்சு! என் குஞ்சுங்களுக்குப் பறக்கத் தெரியாது. நடந்தே ஆத்துக்குப் போகணும். வழி சொல்லுங்க!"

"வழியா? அதற்குத் தனி அமர்வு வைப்போம், அம்மா!" என்றார் அகலவாயர்.

"கூட்டு அமர்வு!" என்று திருத்தினார் நெடுங்காலர்.

 சிறகி கரைக்குத் திரும்பி, குஞ்சுகளைத் தேற்ற அந்தப் பழைய பாட்டை முணுமுணுத்தது. மரத்திலிருந்த கருமூக்கி என்ற நாரை எட்டிப் பார்த்தது.

"அடியே, அந்தப் பனை எந்தப் பக்கம்?"

"பாட்டுல பக்கம் இல்லையே அக்கா!"

"பக்கம் எங்ககிட்ட இருக்குடி! வடக்கு! நாங்க திரும்பி நின்னது அதுக்குத்தான்!"

இரண்டும் தத்தம் கூட்டத்தைக் கூவி அழைத்தன. வாத்துகள் பாடிக்கொண்டே நடந்தன. நாரைகள் மேலே பறந்து திசை காட்டின. பனை வந்தது, பாறை வந்தது, ஆறும் வந்தது. குஞ்சுகள் தொபுக்கென்று தண்ணீரில் குதித்தன.

அடுத்த ஞாயிறு பாறைமேலிருந்து தலைவர்கள் இருவரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். ஈ காக்கை இல்லை.

"ஏன் கூட்டமே வரவில்லை?" என்றார் அகலவாயர்.

"புதுமை போதவில்லை, ஐயா! தவளை மேளத்தைக் கூட்டுவோம்!"

தவளைகளும் எப்போதோ போய்விட்டிருந்தன.

எதற்கென்று கேட்காமல் பழையதைத் தூக்கி எறிகிறவன், கடைசியில் கேட்க ஆளில்லாமல் பேசிக்கொண்டிருப்பான்.