அசையாதீர்கள், அரசே!

கடைசியில் ஒரு சிறுத்தை வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அப்போது நீங்கள் வயிறு குலுங்கச் சிரிக்கலாம். ஆனால் இப்போது கூடாது. முதலில் மை அரைக்க வேண்டும். மை அரைக்காமல் சீன தேசத்தில் எந்தப் படமும் தொடங்காது. இந்தக் கதையும் அப்படித்தான்.

சீனத்து மலைகளுக்கு நடுவே ஒரு மூங்கில் காடு. அங்கே யூன் என்ற நாரையார் இருந்தார். அவர் ஓவியர். கறுப்பு மைக்கட்டியைக் கல்லில் வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, சர்ரக்... சர்ரக்... என்று அரைப்பார். அரைக்கத்தான் நேரம் ஆகும். வரைவது ஒரே மூச்சில்! எதிரே யாரையும் நிறுத்தி வைத்து வரையும் பழக்கம் அவருக்குக் கிடையாது. ஒற்றைக் காலில் நின்று ஒரு தடவை ஆழமாகப் பார்ப்பார். வீட்டுக்கு வந்து கண்ணை மூடுவார். பிறகு நாலு கோடு இழுப்பார். மலையே வந்து காகிதத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. ஓடைகள் வற்றின. மிஞ்சியது ஒரே ஒரு குளம். அதன் கரையில் இருந்த பாறைமேல் ஹாவ் என்ற சிறுத்தை ஏறி நின்றுகொண்டது. இரவிலும் அங்கேயே ஒரு காதைத் திறந்து வைத்துத் தூங்கியது.

"இது என் குளம்! எவனாவது இதில் வாய் வைத்தால், அவன்மேல் நான் வாய் வைப்பேன்!"

மான்குட்டி ஒன்று நாக்கு வறண்டு சுருண்டு விழுந்தது. தாய்மான் நாரையாரிடம் ஓடி வந்தது.

"அண்ணா, உங்களுக்கு இறக்கை இருக்கு. எங்கேயாவது பறந்துபோய்க் குடிச்சிடுவீங்க. எங்களுக்குக் கால்தானே இருக்கு? இன்னிக்குத் தண்ணி இல்லேன்னா பிள்ளை நாளைக்கு எழுந்திருக்காது!"

"நான் சண்டைக்காரன் இல்லையம்மா. என்கிட்ட இருக்கிறது ஒரு தூரிகை," என்றார் நாரையார். கொஞ்சம் யோசித்தார். "அது போதும்!"

உடனே பறந்துபோய்ச் சிறுத்தையை ஒரு தடவை பார்த்தார். திரும்பி வந்து கண்ணை மூடினார். ஏழெட்டுக் கோடுதான் இழுத்தார். பக்கத்து வீட்டு ஆமை கழுத்தை நீட்டிப் பார்த்தது.

"அ...டே...யப்...பா! மீ...சை... கூ...ட... மு...றை...க்கு...தே!"

"இது முடிஞ்சது. இனிமேல்தான் வேலை!" என்று படத்தைச் சுருட்டி வைத்துவிட்டுக் குளத்துக்குப் போனார் நாரையார்.

"அரசே! உங்களை வரைய வந்திருக்கிறேன்!"

"என்னையா? எப்படி வரைவாய்?"

"ஆயிரம் வருஷம் கழித்துப் பிறப்பவனும் பார்த்து நடுங்குகிற மாதிரி!"

சிறுத்தையின் நெஞ்சு ஒரு சாண் முன்னே வந்தது. "வரை! இப்போதே வரை!"

"ஒரே ஒரு நிபந்தனை. அசையக் கூடாது. மைக்கோடு விழுந்தால் விழுந்ததுதான், அழிக்க முடியாது. காலைத் தூக்கினால் படத்தில் அஞ்சு கால் வந்துவிடும். தலையைத் திருப்பினால் ரெண்டு தலை!"

"ரெண்டு தலையா? ஐயையோ!"

"பார்வை அந்தத் தூர மலை உச்சியில் இருக்கட்டும். கீழே பார்ப்பவன் காவல்காரன். தூரத்தைப் பார்ப்பவனே அரசன்! அப்புறம்... மை அரைக்கக் கொஞ்சம் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாமா?"

"மைக்குத்தானே? தாராளமாக!"

சிறுத்தை மலை உச்சியைப் பார்த்துக்கொண்டு கல்லாய் நின்றது. நாரையார் வெறும் தூரிகையைக் காற்றில் ஆட்டினார். மூங்கிலுக்குப் பின்னால் இருந்து தாய்மான் குட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தது. குளக்... குளக்... குளக்...

"என்ன சத்தம் அது?"

"மைக்குத் தண்ணீர் எடுக்கிறார்கள், அரசே."

"இவ்வளவா?"

"பெரிய அரசருக்குப் பெரிய மை!"

மறுநாள் காட்டுப்பன்றி வந்தது. "தள்ளுங்கடா, தள்ளுங்கடா!" என்று உள்ளே விழுந்து குளித்தே விட்டது. முள்ளம்பன்றி பாறையில் முதுகைச் சொறிந்தது. குரங்கு பக்கத்திலேயே நெஞ்சை நிமிர்த்தி, சிறுத்தை மாதிரியே முறைத்துக்கொண்டு நின்றது. முயல் சிறுத்தையின் தாடை நிழலில் படுத்துத் தூங்கியது.

"தாடைக்குக் கீழே என்னவோ கூசுதே!"

"அசையாதீர்கள், அரசே! தூரிகை இப்போது உங்கள் மீசையில் இருக்கிறது!"

இன்னும் சிரிக்காதீர்கள். மை காயவில்லை.

ஒருநாள் மான்குட்டி கால் வழுக்கித் தண்ணீரில் 'தொபுக்'கென்று விழுந்தது. சிறுத்தையின் கண் கீழே இறங்கியது. முன்னங்கால் மெல்ல எழுந்தது. நாரையார் தூரிகையை உயர்த்திக் கத்தினார்.

"ஐயோ, அரசே! அஞ்சாவது கால்! மைச்சொட்டு தூரிகை நுனியில் தொங்குகிறது! விழப்போகிறது... விழப்போகிறது..."

சிறுத்தை சட்டென்று காலை ஊன்றியது. பார்வை மறுபடியும் மலைக்கு ஏறியது. "தப்பித்தேனா?"

"மயிரிழையில்!" என்றார் நாரையார். அது உண்மைதான். தப்பித்தது யார் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

இப்படியே கோடை கழிந்தது. தினமும் மாலையில் நாரையார் வீட்டுக்குப் போய் நிஜமாகவே மை அரைப்பார், நிஜமாகவே வரைவார். எதை? பொறுங்கள்!

ஒரு மத்தியானம் இடி இடித்தது. மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஓடையெல்லாம் பொங்கி ஓடியது. இனி அந்த ஒற்றைக் குளத்தை யார் தேடுவார்கள்?

"என் படம் நனைந்துவிடும்! குகைக்குக் கொண்டு வா!" என்று கத்தியது சிறுத்தை.

நாரையார் ஒரு நீளமான சுருளைக் கொண்டுவந்து வைத்தார். தாம் மட்டும் போய்க் குகை வாசலில் நின்றுகொண்டார். இறக்கையைப் பாதி விரித்தே வைத்திருந்தார்.

"வலப்பக்கம் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக விரியுங்கள், அரசே. சுருள் ஓவியத்தை அப்படித்தான் பார்க்க வேண்டும்."

சிறுத்தை விரித்தது. "ஆகா! நானேதான்! ஆனால்... ஏழெட்டுக் கோடுதான் இருக்கிறது. இதற்கா ஒரு கோடை முழுக்க நின்றேன்?"

"இன்னும் விரியுங்கள்."

"இது யார், மானும் குட்டியுமா? என்னை வணங்குகிறார்கள்!"

"குனிந்துதான் இருக்கிறார்கள், அரசே."

"பன்றி கூடப் படுத்து வணங்குகிறதே! முயல்... என் தாடைக்குக் கீழேயா? இந்தக் குரங்கு ஏன் என்னைப் போலவே நிற்கிறது?"

சுருள் முடிந்துவிட்டது. சிறுத்தை மூக்கைக் காகிதத்தில் ஒட்டிப் பார்த்தது. "இத்தனை பேரும் எதில் வாய் வைத்திருக்கிறார்கள்? இங்கே ஒன்றுமே வரையவில்லையே, வெறும் வெள்ளையாக இருக்கிறது!"

"எங்கள் ஓவியத்தில் தண்ணீரை வரைய மாட்டோம், அரசே. விட்டு வைப்போம். அந்த வெள்ளைதான் தண்ணீர்."

"எந்தத் தண்ணீர்?"

"உங்கள் குளம்!"

சிறுத்தை படத்தைப் பார்த்தது. நாரையைப் பார்த்தது. மறுபடியும் படத்தைப் பார்த்தது.

"அப்படியானால்... மைக்கு என்றாயே... அந்தக் குளக், குளக்..."

அதன் வாய் அப்படியே பிளந்து நின்றது. வெளியே மழையில் காடே சிரித்தது. மை காய்ந்துவிட்டது, நீங்களும் சிரிக்கலாம்!

தன் பெருமையையே பார்த்துக்கொண்டு நிற்பவனுக்குத் தன் காலடியில் நடப்பது தெரியாது.