முன்பணம் கேட்ட மேலாளர்

திருப்பூரில் பனியன் தைக்கும் பவளக்கொடிக்கு ஐந்து இடத்தில் கடன். தவணை கட்டியது போக அரிசிக்கே மிஞ்சுவதில்லை. எல்லாவற்றையும் ஒரே கடனாக்கித் தவணையைப் பாதியாகக் குறைப்பதாகச் சொன்ன ஒரு நிறுவனத்துக்குப் போனாள்.

மேலாளர் ஆளவந்தார் காலாட்டிக்கொண்டே சொன்னார்: “கட்டணம் இருபதாயிரம். இப்பவே கட்டிடும்மா. தவணை குறையறதுக்கு நான் கியாரண்டி.”

“அப்படின்னா ரொம்ப சந்தோசமுங்க. குறைஞ்ச பின்னாடி முப்பதாயிரமாவே வாங்கிக்குங்க. இப்பவே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன்” என்றாள் பவளக்கொடி.

ஆளவந்தார் பதறிப்போனார். “குறையலேன்னா எங்க பணத்துக்கு யாரும்மா பொறுப்பு?”

பணத்தோடு வரிசையில் காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“அதைத்தானுங்க நானும் கேக்க வந்தேன்” என்று பவளக்கொடி எழுந்தாள்.

முன்பணம் கேட்காத இன்னொரு நிறுவனத்தின் படியில் அவள் ஏறியபோது, பின்னாலேயே ஏழு பேர் வந்துகொண்டிருந்தார்கள்.