பாதி வீட்டுக்கு மாதம் மூவாயிரம்

கோணப்பட்டியில் அறிவுக்குப் பஞ்சமே வந்ததில்லை. விளைந்தால்தானே பஞ்சம் வரும்! அந்த ஊர் நலக்கமிட்டியில் மூன்று பேர்: தலைவர் தணிகாசலம், செயலாளர் சங்கிலிமுத்து, பொருளாளர் அந்தோணிப்பிச்சை. மூன்று மண்டையையும் உடைத்தால் ஒரு வண்டி களிமண் தேறும்.

மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. "ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு நிபந்தனை இல்லாமல் மாதம் மூவாயிரம் கொடுங்கள். அச்சு அசல் அதேபோன்ற இன்னொரு குடும்பத்துக்குக் கொடுக்காதீர்கள். வித்தியாசம் பார்த்து எழுதுங்கள்."

ஏழை சுலபமாகக் கிடைத்தாள். பீடி சுற்றும் மூக்கம்மா. இரண்டு பிள்ளைகள், பொத்தல் ஓலைக்கூரை.

"ஐப்பசி மழைக்குள்ள தகரம் போட்டுட்டாப் போதும் சாமி. போன வருசம் பீடி இலையெல்லாம் நனைஞ்சு, பிள்ளைகளோட பட்டினி கிடந்தேன்" என்று கும்பிட்டாள்.

அதேபோன்ற இன்னொரு குடும்பத்துக்கு எங்கே போக? பக்கத்து வீட்டில் மூன்று பிள்ளை. எதிர்வீட்டுக்காரிக்கு மாறுகண். நாலு நாள் தெருத்தெருவாக அலைந்தார்கள்.

"அச்சு அசல் மூக்கம்மா மாதிரி யாருய்யா இருக்கா?" என்றார் தலைவர்.

"மூக்கம்மாதாங்க" என்றார் சங்கிலிமுத்து.

"அடடே! அப்ப மூக்கம்மாவுக்குக் கொடுப்போம். மூக்கம்மாவுக்குக் கொடுக்க வேண்டாம்."

வீட்டுக்கு நடுவே சுண்ணாம்புக் கோடு விழுந்தது. கிழக்குப் பாதிக்குப் பணம் உண்டு. மேற்குப் பாதிக்குச் சல்லிக்காசு கிடையாது.

மூக்கம்மா மூன்று மாதப் பணத்தைச் சேர்த்து, முழு வீட்டுக்கும் தகரம் போட்டாள். கமிட்டி பதறியடித்து ஓடிவந்தது.

"ஏம்மா, கிழக்குப் பணம் மேற்கே போகலாமா? பரிசோதனையே பாழாப்போச்சே!"

மேற்குத் தகரத்தைப் பிடுங்கிவிட்டுப் பழைய ஓலையையே வேய்ந்தார்கள். பொத்தல் ஒன்றுகூடக் குறையாமல்! இவர்களை என்ன சொல்லித் திட்ட?

"நல்லாயிருப்பீங்களா? மழை வந்தா நான் எங்கய்யா போவேன்?" என்று மூக்கம்மா மண்ணை வாரித் தூற்றினாள்.

"நிபந்தனையே கிடையாதும்மா. எங்க வேணாலும் போ" என்றார் அந்தோணிப்பிச்சை, பெருந்தன்மையாக.

ஐப்பசியில் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. மூக்கம்மா பிள்ளைகளையும் பீடி இலையையும் அள்ளிக்கொண்டு கிழக்குப் பாதியில் ஒண்டினாள். கமிட்டி குடையோடு வந்து எட்டிப் பார்த்தது.

"பணம் கொடுத்த பாதியில எத்தனை ஏழை?"

"மூணுங்க."

"கொடுக்காத பாதியில?"

சங்கிலிமுத்து கணுக்கால் தண்ணீரில் இறங்கித் துழாவினார். "ஒருத்தர்கூட இல்லீங்க!"

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆகா! கொடுக்காத இடத்துல வறுமையே ஒழிஞ்சுபோச்சுய்யா!"

அன்றைக்கே கிழக்குப் பணத்தையும் நிறுத்தி, தகரத்தையும் கழற்றிவிட்டார்கள். மூக்கம்மா பீடி இலையை மூட்டையாகக் கட்டினாள். பிள்ளைகளோடும் இலைமூட்டையோடும் நேராகப் போய், கமிட்டி ஆபீசுக்குள் பாயை விரித்துவிட்டாள்.

தலைவர் அதைப் பார்த்ததும் பொருளாளரின் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

"இங்க மூணு ஏழை வந்திருக்கு பாரு! நம்ம ஆபீசுக்கு எவன்யா பணம் கொடுத்தது?"